ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சமூகக் கதை எழுதுவது எப்படி?

கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏற வரிசையில் நிற்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. கவரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று கேமராவைப் பார்க்க வேண்டும், போட்டோ எடுத்ததும் இறங்கிவிட வேண்டும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இது அப்படித் தானாக வருவதில்லை. அவர்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கவனம் போவது சீரியல் பல்பு எந்த வரிசையில் மின்னுகிறது, மைக் எப்போது கீச்சென்று கத்துகிறது, ஏசி காற்றில் திரைச்சீலை எப்படி ஆடுகிறது என்பதில். மனிதர்கள் எதற்காக அங்கே அப்படி நிற்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடாமல் போகிறது. அதை யாராவது நேரம் ஒதுக்கி, வெளிப்படையாக, எழுத்திலும் படத்திலும் சொன்னால் பல குழந்தைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படிச் சொல்லும் வழிகளில் ஒன்றுதான் சமூகக் கதை. தெரபி சென்டர்களில் சோஷியல் ஸ்டோரி என்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். ஒரு குழந்தைக்காக, ஒரே ஒரு சூழ்நிலையைப் பற்றி, பெரும்பாலும் அந்தக் குழந்தையே சொல்வது போல எழுதப்படும் சில வரிகள். அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் நோட்டும் பேனாவும் போதும். குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லியிருக்கிறார், இனி என்ன செய்வது என்று தெரியவில்லை என்ற நிலையில் இருக்கும் அப்பா அம்மாவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருக்கும் ஆசிரியருக்கும் உதவும்.

கதை என்றதும் நம் கை தானாக நீதிக்கதை பக்கம் போய்விடும். "அதனால் கவின் நல்ல பிள்ளையாக அமைதியாக உட்கார்ந்தான், எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்" என்று முடிக்கத் தோன்றும். அது வேண்டாம். சமூகக் கதையின் வேலை தகவல் தருவது. குழந்தையை அடக்குவது அதன் வேலை இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் பாருங்கள், அப்புறம் எழுதலாம்

எடுத்துக்காட்டுக்குக் கவின் என்று ஒரு ஏழு வயதுப் பையனை வைத்துக்கொள்வோம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவான். சென்னை பஸ் நம்பர் எல்லாம் அத்துப்படி. 29சி என்றால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். போன மாதம் ஒரு ரிசப்ஷனில் நேராக மேடையில் ஏறி மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டான். கீழே இறக்கப் போனபோது கத்தித் தரையில் புரண்டான். "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று ஒரு பெரியம்மா சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதம் சித்தப்பாவுக்கே ரிசப்ஷன். போகாமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் உட்கார்ந்து "மேடையில் ஏறக் கூடாது" என்று எழுத ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அவன் ஏன் ஏறினான் என்பது இன்னும் நமக்குத் தெரியாது. வெளிச்சம் பிடித்ததாலா? எல்லோரும் ஏறுகிறார்கள், நானும் ஏறினேன் என்பதாலா? கீழே ஸ்பீக்கர் காதைக் கிழித்தது, மேடையில் கொஞ்சம் தேவலை என்பதாலா? கத்தியது எதற்காக: இறங்கச் சொன்னதற்கா, யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கியதற்கா? ஒவ்வொரு காரணத்துக்கும் எழுத வேண்டிய கதை வேறு. சிலவற்றுக்குக் கதையே தேவையில்லை. பிரச்சினை ஸ்பீக்கர் என்றால், எத்தனை அருமையான கதை எழுதினாலும் ஸ்பீக்கர் சத்தம் குறையப் போவதில்லை. காதை மூடும் ஹெட்போனும், கடைசி வரிசையில் வாசல் பக்கத்து நாற்காலியும்தான் அதற்கு மருந்து.

அதனால் இரண்டு மூன்று முறை சும்மா பாருங்கள். நடந்ததற்கு முன்னால் என்ன இருந்தது, நடந்த உடனே என்ன கிடைத்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் வீடியோ இருந்தால் திரும்பப் போட்டுப் பாருங்கள். நேரில் நம் கண்ணில் படாதது அதில் படும். பாட்டியிடமும் வகுப்பு மிஸ்ஸிடமும் கேளுங்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரிந்தால் அவனிடமே கேளுங்கள், ஆனால் "ஏன்டா அப்படிப் பண்ணே?" என்று வேண்டாம். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களில் பலருக்கு ரொம்பக் கஷ்டம். "மேடையில எது நல்லா இருந்துச்சு? எது நல்லா இல்லை?" என்று கேட்டால் ஏதாவது வரும்.

இடையில் இன்னொன்று. இதுவரை இல்லாத ஒரு நடத்தை திடீரென்று வந்தால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி எல்லாம் அடமாகவும் அடியாகவும்தான் வெளியே வரும், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம். அதற்கு டாக்டர்தான்.

கவின் விஷயத்தில், மேடை என்பது எல்லோரும் போகும் இடம், அதனால் நானும் போகலாம் என்று அவன் நினைத்தான் என்று வைத்துக்கொள்வோம். அது தப்பும் இல்லை. வரிசை என்ற ஒன்று இருப்பதும், நம் முறை போட்டோவோடு முடிந்துவிடுகிறது என்பதும்தான் அவனுக்குத் தெரியவில்லை. நம் கதை சொல்ல வேண்டியது அந்த இரண்டையும்தான்.

தகவல் சேர்ப்பது

ஹால் எது, வாசல் எந்தப் பக்கம், பாத்ரூம் எங்கே, சாப்பாடு மாடியிலா கீழேயா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முந்தின வாரம் ஒருமுறை ஹாலுக்கே கூட்டிப் போய்க் காலி மேடையைக் காட்டிவிடலாம். முடியாவிட்டால் யாரையாவது நாலு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

உறுதியாகத் தெரியாத எதையும் உறுதியாக எழுதாதீர்கள். "ஏழு மணிக்குச் சாப்பிடுவோம்" என்று எழுதி, ஏழே காலுக்கும் இலை போடவில்லை என்றால், அந்தப் பதினைந்து நிமிடமும் அவனுக்கு உலகம் தலைகீழ். கதை பொய் சொல்லிவிட்டது. அடுத்த கதையை அவன் நம்ப மாட்டான். "பெரும்பாலும்", "சில சமயம்" என்ற இரண்டும்தான் இங்கே நமக்குக் கைகொடுக்கும் சொற்கள். நம் ஊர் விசேஷங்களில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடப்பதில்லை என்பதால் இவற்றைத் தாராளமாகவே தெளிக்கலாம்.

எழுதுவது

கதையில் பெரும்பாலான வரிகள் அங்கே என்ன இருக்கும், என்ன நடக்கும் என்று விவரிப்பவையாக இருக்கட்டும். சில வரிகள் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், எதற்கு ஆசைப்படுவார்கள் என்று சொல்லட்டும். குழந்தை என்ன செய்யலாம் என்று சொல்லும் வரிகள் கொஞ்சமாக இருந்தால் போதும். கரோல் கிரே வைத்திருக்கும் கணக்கு, வழிகாட்டும் வரி ஒன்று இருந்தால் மற்ற வரிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் நல்லதே. "நான்" என்றோ "கவின்" என்றோ எழுதலாம், "நீ" என்று எழுதுவதில்லை. "நீ இதைச் செய், நீ அதைச் செய்யாதே" என்பதை அவன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான்.

எந்தத் தமிழில் எழுதுவது? வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படி. "விருந்தினர்கள் வரிசையில் நிற்பார்கள்" என்ற வரியை ஏழு வயதுக் குழந்தை வாழ்க்கையில் எங்கும் காதால் கேட்டிருக்காது. எழுத்துத் தமிழைப் படித்துப் பழகி, அதுதான் சரி என்று அடம்பிடிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு அப்படியே கொடுங்கள். ஆங்கில மீடியம் என்பதற்காக, வீட்டில் யாருமே பேசாத ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெட்டுவிடாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

கவினுக்கான கதை இப்படி வரலாம்:

சித்தப்பா ரிசப்ஷன்

என் பேரு கவின். சனிக்கிழமை சாயங்காலம் எங்க சித்தப்பாவுக்கு ரிசப்ஷன். அம்மா, அப்பா, நான் மூணு பேரும் போறோம்.

ஹால்ல நிறைய பேர் இருப்பாங்க. மேடையில சித்தப்பாவும் புது சித்தியும் நிப்பாங்க. வந்தவங்க எல்லாருக்கும் அவங்ககிட்ட பேசணும்னு ஆசை. எல்லாரும் ஒரே நேரத்துல ஏறினா மேடையில இடம் பத்தாது. அதனால வரிசையா போவாங்க.

வரிசை சில சமயம் வேகமா நகரும். சில சமயம் மெதுவா நகரும். வரிசையில நிக்கும்போது நான் பஸ் நம்பர் கார்டைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்.

எங்க முறை வந்ததும் மேடைக்குப் போவோம். போட்டோ எடுப்பாங்க. அப்போ பளிச்சுனு வெளிச்சம் வரும். போட்டோ முடிஞ்சதும் எங்க முறை முடிஞ்சுது. நாங்க இறங்குவோம். பின்னாடி இருக்கறவங்க ஏறுவாங்க. அது அவங்க முறை.

சில பாட்டிங்க என் கன்னத்தைத் தொடுவாங்க. அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு, அதைக் காட்டத்தான் தொடுறாங்க. எனக்குக் கன்னத்துல தொட்டா பிடிக்காது. நான் கை கூப்பி வணக்கம் சொல்லலாம். அம்மா அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுவாங்க.

ஹால்ல பாட்டுச் சத்தம் அதிகமா இருக்கும். நான் ஹெட்போன் போட்டுக்கலாம். வெளியே போகணும்னா சிவப்பு கார்டைக் காட்டலாம். அப்பா உடனே கூட்டிட்டுப் போவார்.

மேடையிலேர்ந்து இறங்கினதும் பெரும்பாலும் சாப்பிடப் போவோம். சாப்பிட்டு முடிச்சதும் வீட்டுக்கு வந்துடுவோம்.

இதில் சில இடங்களை நின்று பார்க்கலாம். "இடம் பத்தாது" என்ற வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் வரிசை எதற்கு என்ற காரணம் அதில்தான் இருக்கிறது. மரியாதை, நாகரிகம் என்று விளக்கப் போனால் குழந்தைக்கு எதுவும் மனதில் நிற்காது. இடம் பத்தாது என்பது கண்ணால் பார்க்கக்கூடிய காரணம். "எங்க முறை முடிஞ்சுது" என்ற வரிதான் போன முறை கத்தலில் முடிந்த விஷயத்துக்கான பதில். எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இறங்குவது இழப்பாகத் தெரியாது.

கன்னத்தைப் பற்றிய வரிகளில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அம்மா எடுத்துச் சொல்வார் என்று எழுதிவிட்டால், அம்மா எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும், அது மாமியாரின் அக்காவாக இருந்தாலும். அப்பா உடனே கூட்டிப் போவார் என்றால், அப்பா அந்த நேரத்தில் கல்லூரி நண்பர்களோடு ஐஸ்க்ரீம் கவுண்டரில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. கதையில் குழந்தையின் வேலையைவிட நம் வேலைதான் அதிகம்.

"பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்ற வரியை எந்தக் கதையிலும் எழுதாதீர்கள். இந்தக் குழந்தைகளில் பலர் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்வார்கள். தொடாதே என்று சொல்லும் உரிமையை அந்த வரி பறித்துவிடும். யாரோ ஒரு பெரியவர் தனியாகக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே பாட்டை முணுமுணுப்பது இவற்றை நிறுத்தவும் கதை எழுத வேண்டாம். யாருக்கும் அடிபடவில்லை என்றால் அது அவன் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் வழி. "கண்ணைப் பார்த்துப் பேசு" என்பதும் அப்படித்தான். கண்ணைப் பார்த்தால் காதில் விழாமல் போகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

படமும் தாளும்

ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம், ஒரு படம். போனில் எடுத்த நிஜப் போட்டோவே சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது: அதே ஹால், அதே சித்தப்பா. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுவிட்டால் ஒரு புத்தகம் ஆகிவிடும். படிக்கத் தெரியாத குழந்தைக்கு உங்கள் குரலில் பதிவு செய்து, படம் காட்டிக்கொண்டே போட்டுக் கேட்க வைக்கலாம்.

குழந்தைக்குப் பிடித்தது எதுவோ அதைக் கதைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கவினுக்கு என்றால் மாலை முழுவதையும் ஒரு பஸ் ரூட்டாக வரைந்துவிடலாம்: வீடு, ஹால் வாசல், வரிசை, மேடை, சாப்பாடு, வீடு. ஒவ்வொரு ஸ்டாப் தாண்டியதும் அவனே பேனாவால் டிக் போடுவான். எத்தனை ஸ்டாப் மிச்சம் என்று கையில் தெரிவதே பாதி அமைதி. அந்தச் சீட்டு சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும், பெரிய சார்ட் எல்லாம் வேண்டாம்.

எப்போது படிப்பது

விசேஷத்துக்குச் சில நாள் முன்பிருந்து, தினம் ஒருமுறை, அவன் நிம்மதியாக இருக்கும் நேரத்தில். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் "இப்ப சொல்லு, மேடையில என்ன பண்ணணும்?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். கேட்காமல் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், புத்தகத்தை அவன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை.

தப்பு செய்த பிறகு தண்டனை மாதிரிக் கதையைக் கொண்டுவந்து நீட்டினால் அன்றோடு அந்தக் கதை முடிந்தது. மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் போய்க் கத்தி அழுது கட்டுப்பாட்டை இழக்கும் நிலை, நடக்கும்போதும் வேண்டாம். அந்த நேரத்தில் மூளைக்குள் வார்த்தை போகாது. அமைதியான இடம், குறைந்த பேச்சு, குறைந்த வெளிச்சம், அடிபடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான் அப்போதைய வேலை.

கதையின் ஒரு வரியைக் குழந்தை திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பிக்கலாம். "அது அவங்க முறை, அது அவங்க முறை" என்று. கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறானே என்று தடுக்காதீர்கள். பல குழந்தைகள் அப்படிச் சொல்லித்தான் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள்.

வீட்டில் ஒத்திகையும் பார்க்கலாம். சோபா மேடை, தாத்தாவும் பாட்டியும் மாப்பிள்ளை பொண்ணு, அப்பா போட்டோகிராபர். தாத்தாவுக்கு இது பிடித்துப்போய் மாலை கேட்பார், அதுவும் நடக்கும். போன் ஃப்ளாஷை நிஜமாகவே போட்டுக் காட்டுங்கள். பளிச் என்று எழுதியதைவிட ஒருமுறை கண்ணில் படுவது மேல்.

சுற்றி இருப்பவர்களுக்கும் ஒரு கதை

2012இல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று மட்டும் பேசுகிறோம். மற்றவர்களும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். வீட்டளவில் இதற்கு அர்த்தம், கவினுக்கு ஒரு கதை எழுதினால் சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்று எழுத வேண்டும் என்பது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் முந்தின நாள் போடலாம்:

"சனிக்கிழமை கவினும் வர்றான். தொட்டா அவனுக்குப் பிடிக்காது, கையை ஆட்டி ஹாய் சொன்னாப் போதும். கேட்டதுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பான், காத்திருங்க. ஹெட்போன் போட்டிருந்தா மரியாதைக் குறைவுன்னு நினைக்காதீங்க. பஸ் பத்திப் பேசினா ரொம்பச் சந்தோஷப்படுவான்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னால் சொந்தக்காரர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். போட்டோகிராபரிடம் அந்த ஒரு படத்துக்கு ஃப்ளாஷ் வேண்டாம் என்று கேட்கலாம். சொந்த சித்தப்பாதானே, கூட்டம் சேருவதற்கு முன்பே மேடை ஏறிவிடவும் முடியலாம். அப்படி ஏற்பாடு செய்தால் கதையையும் அதற்கேற்ப மாற்றி எழுதிவிடுங்கள்.

நம் பேச்சையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போன மாமா அன்று திரும்பி வரவில்லை என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தை இருக்கிறது. "ஒரு நிமிஷம்" என்றால் அறுபது வரை எண்ணிவிட்டு வந்து நிற்கும். "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்குப் பாதி நேரம் நாம் முடியாது என்றுதான் அர்த்தம் வைத்திருக்கிறோம். "சாப்பிட்ட பிறகு", "இன்னைக்கு இல்லை, நாளைக்கு" என்று நேராகச் சொன்னால் எவ்வளவோ சண்டை மிச்சம்.

நடந்து முடிந்ததைப் புரியவைக்க

சமூகக் கதை வரப்போவதற்கு. நடந்துவிட்டதைப் பேச கரோல் கிரே இன்னொரு வழி வைத்திருக்கிறார்: குச்சி மனிதர்களை வரைந்து காமிக்ஸ் மாதிரிப் பேசுவது. பள்ளியில் ஒரு பையனைக் கவின் அடித்துவிட்டான் என்று டைரியில் எழுதி வந்திருக்கிறது என்று வையுங்கள். வெள்ளைத் தாளை எடுத்து கிரவுண்டை வரையுங்கள். "நீ எங்கே நின்னே?" ஒரு குச்சி மனிதன். "யார் வந்தாங்க?" இன்னொரு குச்சி மனிதன். "அவன் என்ன பண்ணான்?" முதுகில் ஒரு கை. "அவன் என்ன சொன்னான்?" வாய்க்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் "அவுட்". "அப்போ நீ என்ன நினைச்சே?" தலைக்கு மேலே மேகம் மாதிரி ஒரு வட்டம். அதில் அவன் எழுதுவது "என்னை அடிச்சுட்டான்".

இப்போதுதான் நமக்கே விஷயம் தெரிகிறது. ஓடிப்பிடிச்சு விளையாட்டில் தொட்டு அவுட் ஆக்கியதை அவன் அடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் தலைக்கு மேலும் ஒரு மேகம் வரைந்து, "தொட்டாச்சு, இப்ப கவின் என்னைத் துரத்தணும்" என்று எழுதிக் காட்டலாம். "இப்படியும் நினைச்சிருக்கலாம்" என்ற தொனியில். சந்தோஷத்துக்கு ஒரு கலர், கோபத்துக்கு ஒரு கலர், பயத்துக்கு ஒரு கலர் என்று ஸ்கெட்ச் பேனாவை மாற்றிக்கொள்வது நிறைய குழந்தைகளுக்குப் பிடிக்கும். நாம் கேட்பதைவிட வரைவது அதிகமாக இருக்கட்டும். முடித்ததும் அந்தத் தாளை வகுப்பு மிஸ்ஸுக்குக் கொடுத்தனுப்புங்கள். அவருக்கும் அது செய்திதான்.

வேலை செய்யவில்லை என்றால்

சமூகக் கதை மந்திரம் இல்லை. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டன் ஆரம்பப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், கதை படித்த குழந்தைகளின் பொதுவான சமூகத் திறனில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வைத்த குறிப்பிட்ட இலக்கை எட்டுவது கூடியிருந்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ரிசப்ஷன் வரிசைக்கு எழுதிய கதை ரிசப்ஷன் வரிசைக்குத்தான் உதவும். அதைப் படித்துவிட்டு ரேஷன் கடை வரிசையையும் அவன் தானாகப் புரிந்துகொள்வான் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு இன்னொரு கதை.

ஒன்றிரண்டு வாரம் படித்தும் எதுவும் மாறவில்லை என்றால், நம் ஊகம் தப்பு என்று எடுத்துக்கொண்டு திரும்பப் பார்க்க ஆரம்பியுங்கள். கதை நீளமாக இருக்கலாம், வழிகாட்டும் வரிகள் கூடிப் போயிருக்கலாம், அல்லது காரணமே வேறாக இருக்கலாம். எப்போதும் கஷ்டமான விஷயத்துக்கே கதை வருகிறது என்றால் நோட்டைப் பார்த்ததும் குழந்தை ஓடிவிடும். எழுதும் கதைகளில் பாதியாவது அவன் ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பற்றி இருக்க வேண்டும் என்கிறார் கரோல் கிரே. "நான் டிபன் பாக்ஸை நானே கழுவுவேன்" என்று ஒரு கதை இருக்கட்டும்.

ஆள் உதவி வேண்டும் என்றால், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள்; அரசுப் பள்ளி தலைமையாசிரியரிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. நிப்மெட் என்றால் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பள்ளியில் இடம் இல்லை என்று யாராவது கையை விரித்தால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

முதல் கதை

முதல் கதைக்கு ரிசப்ஷன் வேண்டாம். அது பெரிய வேலை. வாரா வாரம் வரும், பத்து நிமிடத்தில் முடியும், ஆட்கள் குறைவான ஒன்றை எடுங்கள்: லிஃப்டில் ஏறுவது, பால் பூத்தில் காசு கொடுத்து மிச்சம் வாங்குவது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி காலிங்பெல் அடித்தால் என்ன ஆகும் என்பது. முடிவெட்டும் கடையை எல்லோரும் முதலில் எடுப்பார்கள். அங்கே சத்தம், தொடுதல், கழுத்தில் துணி, தண்ணீர்த் தூறல் என்று எல்லாமே சேர்ந்து வரும் என்பதால் நான் அதை நாலாவது ஐந்தாவது கதையாகத்தான் வைப்பேன். எழுதியதும் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதட்டுவது போல எந்த வரி காதில் விழுகிறதோ அதை அடித்துவிடுங்கள். தாளின் பின்பக்கம் தேதியும், படிக்க ஆரம்பித்த பிறகு என்ன மாறியது என்று ஒரு வரியும் எழுதி ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் புது வகுப்பு மிஸ் வந்து "கவினைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்கும்போது அந்த ஃபைலையே எடுத்துக் கொடுத்துவிடலாம்.